மூன்று குட்டி, ஒரு விளக்கு: தாடி ஓணான்களின் நிறம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 16 அன்று, சிட்னியின் மேற்குப் புறத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு மூன்று பியர்டட் டிராகன் குட்டிகள் வந்தன. ஒரே ஈட்டில் பொரித்தவை, எட்டு வார வயது. விற்றவர் கொடுத்த சீட்டில் எடை எழுதியிருந்தது: 18 கிராம், 17 கிராம், 15 கிராம். அக்கா மகனுக்குப் பதினொரு வயது, சதுரங்கப் பைத்தியம். எடை வரிசைப்படியே ராஜா, மந்திரி, சிப்பாய் என்று பெயர் வைத்துவிட்டான்.

அக்கா கேட்டது ஒரே ஒரு குட்டிதான். "ஒண்ணே ஒண்ணு இருந்தா ஏங்கிப்போயிடும், கூடப் பொறந்ததுகளோட வளரட்டும்" என்ற பொருளில் விற்றவர் பேசி மூன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நியூ சவுத் வேல்ஸில் இவற்றை வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும். அதை அக்கா முறையாக எடுத்துவிட்டாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா ஆகப்போகுது பாரு" என்றாள். பழமொழி இந்தப் பிராணிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிகளில் இது வேலிக் கம்பத்தின் மேல் ஏறி வெயில் காய்வதைச் சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம். நம்மூர் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். 1926இல் ஜெர்மானியரான ஏர்ன்ஸ்ட் ஆல் இதை அறிவியல் முறையில் விவரித்தார். இன்றைய பேரினப் பெயரான போகோனா என்பதற்குக் கிரேக்கத்தில் தாடி என்று பொருள். ஆகவே இனி தாடி ஓணான் என்றே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஒன்பது வருடமாக இரண்டு தாடி ஓணான்களைத் தனித்தனிப் பெட்டியில் வளர்த்துவருகிறேன். அந்தத் தகுதியில்தான் ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"சித்தி, சிப்பாய் செத்துட்டான் போல. வெள்ளையா கிடக்கான்."

"மத்த ரெண்டும்?"

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான். "அதுங்களும் வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா மூச்சு விடுது. இவனும் விடுறான்."

தூங்குகின்றன, அவ்வளவுதான். தாடி ஓணான் இரவில் வெளுக்கும், பகலில் நிறம் கூடும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து இருட்டிலேயே வைத்திருந்தபோதும் அந்தச் சுழற்சி ஓடியது. வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் மாறுவதில்லை, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்திவிட்டு, பேச்சுவாக்கில் "பகல்ல எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"பகல்லதான் சித்தி மோசம். கரி மாதிரி இருக்கான். ராத்திரிதான் பார்க்க நல்லா இருக்கான்."

அவர்கள் பயந்தது இரவு வெளுப்புக்கு. எனக்குப் பயம் வந்தது பகல் கறுப்பைக் கேட்டு. மறுநாள் காலை கிளம்பிப் போனேன்.

நேரில் கண்டது

90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரத்தில் கண்ணாடித் தொட்டி. ஒரு கோடியில் சூட்டு விளக்கு, அதன் கீழே சாய்வாக ஒரு மரக்கட்டை. பக்கத்தில் சுருள் வடிவப் புற ஊதா பல்பு. தரையில் காகிதத் துண்டு; மணல் போடாமல் இருந்தது நல்ல விஷயம். மறு கோடியில் தண்ணீர்க் கிண்ணம். ஒரு குட்டிக்கு இந்த ஏற்பாடு கொஞ்ச காலம் போதும். கட்டையில் விளக்கின் நேர்க்கீழ் இடம் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

காலை பத்து மணி. ராஜா கட்டையின் உச்சியில், வைக்கோல் நிறத்தில், வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தது. உடம்பில் சூடு நிரம்பிவிட்டால் அப்படி வாயைத் திறந்து வைக்கும். மந்திரி அதன் முதுகில் பாதி ஏறிப் படுத்திருந்தது. சிப்பாய் மறு கோடியில், தண்ணீர்க் கிண்ணத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. முதுகு அடுப்புக்கரி நிறம். தூக்கிப் பார்த்தால் வயிற்றில் முட்டை வடிவக் கருவளையங்கள். ஆனால் தாடிப் பகுதி வெளுப்பாகவே இருந்தது.

கையோடு கொண்டுபோன அகச்சிவப்பு வெப்பமானியில் அளந்தேன். கட்டை உச்சி 41 டிகிரி, தொட்டியின் நடுப்பகுதி 28, சிப்பாய் கிடந்த மூலை 21. சிப்பாயின் முதுகு 22.

மெல்போர்ன் குழுவின் இன்னொரு ஆய்வு, 2016இல் வெளிவந்தது, இங்கே நேரடியாக உதவுகிறது. தாடி ஓணானின் முதுகு பெரும்பாலும் வெப்பத்துக்கு ஏற்ப மாறுகிறது. தாடியும் மேல்மார்பும் இன்னொரு ஓணானை எதிர்கொள்ளும்போது மாறுகின்றன என்று அதில் கண்டார்கள். ஒரே தோலில் இரண்டு பலகைகள். முதுகில் எழுதியிருப்பது தட்பவெப்பம், தாடியில் எழுதியிருப்பது சண்டை சச்சரவு. தோலின் நிறமிச் செல்களுக்குள் கருந்துகள்கள் பரவினால் உடல் கறுக்கிறது, நடுவில் ஒடுங்கினால் வெளுக்கிறது. கறுத்த உடம்பு வெயிலை அதிகம் உறிஞ்சும். காலையில் குளிர்ந்து எழும் ஓணான் கறுப்பாகப் போய்க் காய்ந்து, சூடேறியதும் வெளுத்துவிடும். இதில் நோயும் இல்லை, மனவருத்தமும் இல்லை.

சிப்பாயின் முதுகு கறுப்பு, தாடி வெளுப்பு. அது கோபத்தில் இல்லை, குளிரில் இருக்கிறது. விளக்கு எரிய ஆரம்பித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சூடான இடம் முக்கால் மீட்டர் தூரத்தில். நடந்துபோய்க் காய்வதற்கு என்ன தடை? இந்த ஆய்வின் கேள்வியே அதுதான்.

இரண்டு மணி நேரம்

ஒரு நாற்காலி போட்டு, டீயோடு உட்கார்ந்துவிட்டேன். பிராணி வளர்ப்பில் பலரும் செய்யாத வேலை, சும்மா உட்கார்ந்து பார்ப்பது.

சிப்பாய் மூன்று முறை கட்டையை நோக்கி வந்தது. முதல் முறை பாதி வழியில் ராஜா தலையை வெடுக் வெடுக்கென்று மேலும் கீழும் ஆட்டியது. சிப்பாய் நின்று, ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாகச் சுழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இரண்டாவது முறை கட்டையின் அடிவரை வந்தது, ராஜா இறங்கி வந்ததும் ஓடிவிட்டது. மூன்றாவது முறை, தலையாட்டல்கூடத் தேவைப்படவில்லை. ராஜா திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

அந்தக் கை சுழற்றலை அக்கா வீட்டில் "டாட்டா காட்டுறான்" என்று வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். திருச்சியில் இருக்கும் அம்மா அதற்கு மூன்று இதயம் அனுப்பியிருந்தாள். நானும் ஒன்று அனுப்பியிருக்கிறேன், வீடியோவைப் பார்க்காமலே. அது பணிவின் சைகை. "நான் உன்னோடு மோத வரவில்லை, விட்டுவிடு" என்கிறது. குட்டிகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். தலையாட்டல் அதற்கு நேர் எதிர். நம்மூர் வேலியில் ஓணான் தலையாட்டுவதை நம்மைக் கேலி செய்வதாக நினைத்துக் கல்லெடுத்த பிள்ளைகள் நாம். அணில் ராமருக்கு இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதை வேறு, அடிப்பதற்கு நியாயமாக. அது பாவம், பக்கத்து ஓணானுக்கு எல்லை சொல்லிக்கொண்டிருந்தது.

மந்திரி ராஜாவின் மேல் படுத்திருந்ததும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த காட்சி. கட்டிப்பிடித்துத் தூங்கும் அண்ணன் தம்பியாக அதைப் பார்த்தார்கள். சூடு ஒரே இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். அடுத்து வருபவர் அவர் மேலேயே ஏறிவிடுகிறார். மேலே இருப்பவருக்கு விளக்கின் சூடும் புற ஊதாக் கதிரும் கிடைக்கும், அடியில் இருப்பவருக்கு மறையும். காட்டில் இவை பெரும்பாலும் தனித்தனியாகத் திரிபவை. கூட்டம் சேர்ந்து வாழும் பழக்கம் கிடையாது.

நாள் போகப் போக இது மோசமானதற்கும் காரணம் இருக்கிறது. மார்ச்சில் வீடே 25, 26 டிகிரி. விளக்குக்குப் போகாவிட்டாலும் ஓரளவு பிழைப்பு ஓடும். ஏப்ரலில் இங்கே இலையுதிர் காலம் இறங்கிவிடும். அறை குளிரக் குளிர அந்த உள்ளங்கையளவு இடத்தின் மதிப்பு ஏறியது. குட்டிகளும் பெரிதாகிவிட்டன, இடம் அப்படியே இருந்தது.

தராசு

அக்காவின் சமையலறைத் தராசை எடுத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்து எடை போட்டேன். ராஜா 46 கிராம், மந்திரி 33, சிப்பாய் 17.

நான்கு வாரத்தில் சிப்பாய் கூடியது இரண்டு கிராம். ஒரே ஈட்டுக் குட்டிகள், வந்தபோது மூன்று கிராம் வித்தியாசத்தில் இருந்தவை. இப்போது பெரியது சின்னதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். முதல் வாரமே எடை போட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். நிறம் தினம் நூறு காரணத்துக்காக மாறும், எடைக்கு அத்தனை காரணம் இல்லை.

"ஆனா சாப்பிடுறான் சித்தி" என்றான் பையன். பொய்யில்லை. காலையும் மாலையும் முப்பது சிள்வண்டுகளை மொத்தமாகக் கொட்டுவார்கள். ராஜா வாரி முழுங்கும், மந்திரி மிச்சத்தைப் பிடிக்கும், சிப்பாய் தன் மூலைக்கு வழிதவறி வருகிற இரண்டு மூன்றைப் பிடிக்கும். ஆனால் 22 டிகிரி உடம்பில் செரிமானம் சரியாக நடக்காது. ஊர்வனவற்றுக்கு அடுப்பு வெளியே இருக்கிறது. தின்றது வயிற்றில் கிடக்கும், பசி அடங்கும், வளர்ச்சி இருக்காது. கால்சியம் பொடி தூவினாலும், புற ஊதா பி கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உண்டானால்தான் அது எலும்புக்குப் போய்ச் சேரும். அந்தச் சுருள் பல்பின் வீச்சு கட்டையைத் தாண்டவில்லை. ஆக, ஒரே இடத்தை இழந்ததில் மூன்று இழப்பு.

தின்னாமல் விட்ட சிள்வண்டுகள் இரவில் தூங்கும் குட்டியைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவைத்தேன். சிப்பாயின் வால் ஓரத்தில் சின்னச் சின்னப் பொருக்குகள் இருந்தன. கடித்தது சிள்வண்டா, அண்ணனா என்று சொல்ல முடியவில்லை.

வேறு காரணங்களும் பார்த்தோம்

கறுப்புக்கு வீட்டில் ஏற்கனவே ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். "இது சிவப்பு வம்சம், வளர வளரக் கலர் வரும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். சிப்பாய்க்குக் கலர் "வருகிறது" என்று நினைத்து மூன்று வாரம் சந்தோஷமாகக் காத்திருக்கிறார்கள். பொரித்து வரும் குட்டி சாம்பலும் பழுப்புமாக, முதுகில் பட்டைப் பட்டையான கோலத்தோடு இருக்கும். வேகமாக வளரும் வயதில் அடிக்கடி தோலுரிக்கும். ஒவ்வொரு உரிப்புக்குப் பிறகும் கோலம் கொஞ்சம் மங்கி, அடி நிறம் கொஞ்சம் எழும். முழு நிறம் தெரிய ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். வம்சத்து நிறம் மெதுவாக வந்து நிலைக்கும். வெப்பத்துக்கான நிறம் அரை மணியில் வந்து அரை மணியில் போகும். உரிப்புக்கு முந்தைய நாட்களில் தோல் மங்கி வெண்சாம்பலாகும், கறுக்காது. எட்டு வாரக் குட்டியிடம் நிறத்தைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பது, என்னைக் கேட்டால், மொட்டைப் பார்த்துப் பழத்துக்கு விலை பேசுவது.

சோதிப்பது எளிது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சிப்பாயைத் தனியாக வைத்து, என்னிடமிருந்த சூட்டு விளக்கைப் போட்டோம். முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. கண்ணை மூடி உடம்பைத் தட்டையாக விரித்துக் கிடந்தது. 35ஆவது நிமிடத்தில் முதுகு 36 டிகிரி, நிறம் ஈர மணல். பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தான். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சேர்த்துப் பார்த்த அக்கா, "இது வேற குட்டிடா" என்றாள். வயிற்றுக் கருவளையங்கள் மட்டும் உடனே போகவில்லை. அவை முழுதாக மறைய மூன்று நாள் ஆனது.

திங்கட்கிழமை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அங்கேதான் கூட்டு வளர்ப்பின் இன்னொரு சங்கடம் தெரிந்தது. எடுத்துப்போன மலம் யாருடையது? மூன்றும் ஒரே காகிதத்தில் கழிந்தவை. அதில் கொஞ்சம் குடற்புழு முட்டை இருந்தது, மருந்து வேண்டாத அளவு என்றார். காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இல்லை. அடினோவைரஸுக்கும் மூன்றிடமும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இந்த வைரஸ் குட்டிகளை வளரவிடாமல் குறுக்கிவிடும், மலம் வழியாகப் பரவும், தொற்றிய பெரிய ஓணான் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கலாம். அதனால் "ஒன்று மட்டும் வளரவில்லை" என்றாலே நினைவுக்கு வர வேண்டிய பெயர் அது. மூன்றுக்கும் இல்லை என்று வந்தது. வைரஸ் எப்போதும் வெளியேறாது, இடைவெளி விட்டு விட்டுத்தான் வெளியேறும் என்பதால் ஒரு சோதனையோடு சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிடாது.

பிரித்த பிறகு, என் தவறும்

சிப்பாய்க்குத் தனிப் பெட்டி தயாரானது. முதலில் அதைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அன்று மாலை சூடாக இருந்தும் தாடி கறுத்திருந்தது. முதல் முறையாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஜா தெரிகிறது. நடுவில் ஒரு அட்டையைச் செருகினோம், மறுநாள் தாடி வெளுத்தது. பிரிப்பது என்றால் கண்ணுக்கும் சேர்த்துப் பிரிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில், ஏப்ரல் 20 அன்று, சிப்பாய் 20 கிராம். 27 அன்று 26. மே 11 அன்று 41.

இந்த இடத்தில் என் கணக்கு தப்பியது. "மத்த ரெண்டும் ஒத்துப்போகுதே, இருக்கட்டும்" என்று சொன்னவள் நான்தான். இன்னொரு பெட்டி வாங்கும் செலவை அக்காவிடம் சொல்லத் தயங்கினேன் என்பதும் உண்மை. ஏணியின் கடைசிப் படியில் இருந்தவனை எடுத்துவிட்டால் அடுத்த படியில் இருப்பவன் கடைசியாகிவிடுகிறான். ஏப்ரல் 20இல் மந்திரி 36 கிராம். 27இல் 35. ராஜா அதே இரண்டு வாரத்தில் 46இலிருந்து 66. ராஜாவின் முதுகில் ஏறிப் படுத்த மந்திரி இப்போது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், அதே மூலையில், அதே கரி நிறத்தில். பின்னங்காலில் ஒரு விரல் நுனி இல்லை. தாடி ஓணானுக்கு விரலும் முளைக்காது, பல்லிக்குப் போல வாலும் முளைக்காது. அன்றைக்கே பிரித்தோம். மே 11 அன்று மந்திரி 49 கிராம்.

அந்த விரல் நுனிக்கு நான் பொறுப்பு. ஆனால் ஆய்வுக்கு அதுவே நல்ல சாட்சியமாகவும் ஆனது. சிப்பாயைப் பிரித்தபோது நாங்கள் ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினோம்: தனி இடம், சுருள் பல்புக்குப் பதிலாக நீளக் குழல் புற ஊதா விளக்கு, இடுக்கியால் ஒவ்வொன்றாக ஊட்டுவது. எதனால் எடை கூடியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய தொட்டிக்கும் அன்றே குழல் விளக்கு மாட்டிவிட்டோம். ஆக மந்திரி எடை நின்றுபோனதும் விரல் இழந்ததும் நல்ல விளக்கின் கீழ், நல்ல தீனியோடு. மாறாமல் இருந்தது கூட இருந்த ராஜா மட்டும்.

பண்ணைகளில் குட்டிகளைக் கூட்டமாகத்தானே வளர்க்கிறார்கள் என்று கேட்கலாம். வளர்க்கிறார்கள். கவனமாகச் செய்பவர்கள் பல விளக்குகள் போட்டு, ஒரு நாளைக்குப் பலமுறை தீனி வைத்து, அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். சில வாரத்துக்கான ஏற்பாடு அது, முழுநேர வேலை. வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடம் போகும் பையனால் அதைச் செய்ய முடியாது. ஒரு தொட்டியில் இரண்டு விளக்கு வைத்தால் போதுமே என்பவர்களும் உண்டு. ஒரு கட்டையிலிருந்து தலையாட்டுவது அடுத்த கட்டைக்கும் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஜூலை

ஆறு மாதத்தில் வால் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். சிப்பாய்க்கு இரண்டு புடைப்பு, ஆண். மந்திரியும் ஆண். ராஜா பெண். வீட்டில் பெரிய சிரிப்பு. இதிலும் ஒரு திருப்பம் சாத்தியம்: அடைகாக்கும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் மரபணுப்படி ஆணாக வேண்டிய கரு பெண்ணாகப் பொரிக்கும், முட்டையும் இடும். காட்டிலேயே அப்படி நடப்பதை கான்பெர்ரா பல்கலைக்கழகத்தார் 2015இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். ராஜா எந்த வகைப் பெண் என்று மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும். "பேரை ராணின்னு மாத்திடலாமா?" என்று கேட்டதற்குப் பையன், "ராஜாதான் சித்தி, பொம்பளையா இருந்தா என்ன?" என்றான்.

சிவப்பு வம்சம் என்று வந்ததில் ராஜா மங்கலான செங்கல் நிறம். மந்திரி வெறும் மணல் நிறம். மூன்று தொட்டிக்கு அக்கா வீட்டில் இடமில்லாமல், உரிமக் கணக்கையும் மாற்றிக்கொண்டு மந்திரி என்னிடம் வந்துவிட்டது. சிப்பாய் எலுமிச்சை மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

பையன் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். முதுகு, தாடி, எடை என்று மூன்று கட்டம். எடை சனிக்கிழமை மட்டும், மற்ற இரண்டும் தினமும். பள்ளிக்குக் கிளம்புமுன் எனக்கும் ஒரு வரி அனுப்புவான். இன்று காலை வந்தது: "முதுகு கறுப்பு, தாடி வெள்ளை. இன்னும் லைட் போடல சித்தி."